கடைசி அறையில் ஒரு நிமிஷம்

1

ஒரு அறையில் யாரும் இல்லை என்பதை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

எட்டிப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான். பதினாலு மாதமாக அதுதான் என் வேலை. அந்தமானில் ஒரு சின்னத் தீவில், ஆறே அறைகள் உள்ள ஒரு விடுதியில், தங்கினவர்கள் கிளம்பியதும் போய் எட்டிப் பார்த்து, போர்வையை உதறி, காலி என்று முதலாளிக்குச் சொல்வேன். போன் வந்தால் எடுப்பதும் நான்தான்.

எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? இந்தக் கதை அங்கேதான் கிளம்பியது. நானாக யோசித்துப் பிடித்தது இல்லை. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். தேனிலவுக்கு அறை வேண்டும் என்றாள். வாடகை கேட்கவில்லை. ஏசி உண்டா, கடல் தெரியுமா, கட்டிலில் பூப்போட்டு அலங்காரம் செய்வீர்களா, இது எதையும் கேட்கவில்லை.

"உங்க போன ஜன்னலுக்கு வெளிய ஒரு நிமிஷம் நீட்டிப் புடிங்க. அப்பறம் ரூம்புக்குள்ள ஒரு நிமிஷம். நீங்க பேசக் கூடாது. நான் கேக்கணும்" என்றாள்.

2

கதை எழுத நான் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. அதனால் மூன்று தடவை ஆரம்பித்தேன்.

"செஞ்சிக் கோட்டையின் மேல் மாலைச் சூரியன் செம்பொன்னாய்—"

வேண்டாம். செஞ்சியில் குடியிருப்பவர்கள் கோட்டையைப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

"கலைமதிக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று நாள். இருபத்து மூன்று நாளும் அவள் கணவன் அவளிடம்—"

இதை முடித்தால் நீங்கள் அவனைத் தப்பாக நினைப்பீர்கள். அவன் தப்பானவன் இல்லை.

"துணி காயப்போடும் சாக்கில் கலைமதி மொட்டை மாடியில் போனோடு நின்றாள்."

இது இருக்கட்டும்.

கீழே வீடு ஒரே ஹால்தான். டிவிக்கு எதிரில் மாமனார் கலியபெருமாள். அடுப்படி வாசலில் மாமியார் நாகம்மாள். ஹாலின் கோடியில் ஒரு பிளைவுட் தடுப்பு, கூரை வரைக்கும் எட்டாதது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கலைமதியும் ஆதவனும். மாமனார் புரண்டு படுத்தால் பாய் நசுங்குவது கேட்கும். அதனால் ஆதவன் அவளிடம் பேசினதெல்லாம் குசுகுசுப்பில்தான். நல்ல பேச்சுத்தான் பேசினான். அவள் பள்ளிக்கூடக் கதையைக் கேட்டான். அவள் சொன்னதற்கெல்லாம் காதோரம் காற்றாகச் சிரித்தான். ஆனால் குசுகுசுப்பை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது. யார் குசுகுசுத்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பகலில் அவன் ரைஸ் மில்லில். மிஷின் ஓடும்போது அங்கே எல்லாம் கை ஜாடை. வீட்டுக்கு வந்தால் அப்பா முன்னால் "ம்", "சரி நைனா", "போதும்". பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூடப் பேசினது அவன் மாமாதான்.

மில் முதலாளி கல்யாணப் பரிசாகத் தீவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தார். தங்கும் இடம் உங்கள் இஷ்டம் என்றார். கலைமதிக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாலு நாள், வேறு காதே இல்லாத ஒரு அறை. அதில் அவன் வாய் திறந்து, முழுக் குரலில், அவள் பேரைச் சொல்ல வேண்டும். யாரோடு வாழ வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

[இதை அவளே என்னிடம் சொன்னாளா? பாதி சொன்னாள். மீதி நான்.]

"இன்னாடி மேல பண்ற? துணி காயுதா, நீ காயிறியா?" கீழேயிருந்து நாகம்மாள்.

"தோ வரேன் அத்தே."

"ஊரு சனமெல்லாம் கொடைக்கானல் போயிட்டு சொட்டர் வாங்கினு வருது. இதுங்களுக்குத் தீவு கேக்குது. கரையில இருந்தா ஆவாதா?"

கலைமதி அதற்குள் நாலு விடுதிகளைக் கேட்டுவிட்டிருந்தாள். முதலாவதில் ஜெனரேட்டர். இரண்டாவதில் மிக்சி. மூன்றாவதில், "ஃபுல் சைலன்ட் மேடம், ஒரு சத்தம் இருக்காது மேடம்" என்று ஒருவர் நிமிஷம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். நாலாவதில் பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அதை மட்டும் அவள் ரெண்டு நிமிஷம் கேட்டாள்.

ஐந்தாவது நான்.

3

"எந்த ஊரும்மா?"

"செஞ்சி."

"செஞ்சியா! நான் தொண்டூரு."

"அய்ய, தொண்டூரா? எங்க சித்திய அங்கதாண்ணா குடுத்திருக்குது. நீங்க யாரு வூடு?"

நான் சொல்லவில்லை. ஊரில் நான் கப்பல் கம்பெனியில் வேலை பார்ப்பதாக—

இந்த வாக்கியம் இந்தக் கதைக்கு வேண்டாம்.

அவள் பேசப் பேச, பின்னால் வேறு சத்தங்கள் கேட்டன. தண்ணீர் டேங்கு மேல் குரங்கு தொம்மென்று குதித்தது. மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. யாரோ ஷேர் ஆட்டோவுக்கு "அவலூர்பேட்டை, அவலூர்பேட்டை" என்று ஆள் கூப்பிட்டார்கள். அந்த ஊர்ச் சத்தங்களுக்காகவே ஒரு அறையைக் காட்ட வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக ஐந்து அறையைக் காட்டினேன். எந்தச் சத்தத்திலிருந்து அவள் தப்பிக்கப் பார்த்தாளோ, அதை நான்—

சரி. அவளுக்கு ஐந்தும் பிடிக்கவில்லை. குழாய் சொட்டுகிறது என்றாள். பல்லி கத்துகிறது என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குதும்மா. தள்ளி இருக்கும். யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க."

"அதக் காட்டுங்க."

ஆறாவது அறை தாழம்புதருக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அலை வெகுதூரம் போய்விடும், சத்தம் வராது. பதிவு நோட்டில் எழுத அவள் பேரைக் கேட்டேன். கலைமதி என்றாள். அப்புறம் உள்ளே போய், அறை நடுவில் நின்று, போனைக் கையில் நீட்டிப் பிடித்தேன்.

4

கலைமதி இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். முதலில் செருப்புச் சத்தம். கதவு. அப்புறம் ஒன்றுமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். நொடி ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. மறுபடி காதில் வைத்தாள்.

சத்தமே இல்லாததிலும் அந்த அறை எவ்வளவு பெரியது என்று அவளுக்குப் புரிந்தது. எதிர்ச்சுவர் எங்கே நிற்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பாள். அந்தச் சுவர் ஓரத்திலிருந்து ஒரு ஆண் குரல், அவசரமில்லாமல், "கலை" என்றது.

பிறந்த வீட்டிலும் வந்த வீட்டிலும் அவள் மதி. கலை என்பது ஆதவன் மட்டும், தடுப்புக்குப் பின்னால், காதோரம்.

"அண்ணா, நீங்களா கூப்ட்டீங்க?"

"நான் வாயே தொறக்கலியேம்மா. நீதான பேசக் கூடாதுன்ன?"*

"ரூம்புல வேற யாரு?"

"யாரும் இல்ல."

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். கட்டில், ஃபேன், தண்ணீர் ஜக். கட்டிலுக்கு அடியிலும் குனிந்தேன்.

"யாரும் இல்லம்மா."

"உங்க குரலு இல்ல அது. உங்களுது சளி புடிச்ச மாதிரி இருக்குது. அது நல்ல குரலு" என்றாள். பயந்தவள் பேசுவது மாதிரி இல்லை.

* நான் வாய் திறக்கவில்லை. இந்த வரியைப் பல தடவை அடித்து, பல தடவை எழுதிவிட்டேன். பதினாலு மாதத்தில் நான் ஒருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

5

ஆதவன் எனக்குச் சரியாக வரவில்லை.

முதலில் அவன் குடிப்பான் என்று எழுதினேன். உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அடித்துவிட்டேன். அவனுக்கு வேறொரு பெண் மேல் ஆசை என்று எழுதினேன். அதுவும் பொய். போனில் அவனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கலைமதி ஒன்றைத்தான் சொன்னாள்: "நல்லவருதாண்ணா. தவிடு வாசன வரும். குளிச்சாலும் போவாது." அதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைச் செய்ய எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஆதவனுக்கு வாசனை உண்டு, குரல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அவள் அவனைக் கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டாள். ராஜா கோட்டைக்கு இல்லை, கூட்டம் குறைவான ராணிக் கோட்டைக்கு. தீவுக்குப் போகும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. போனில் கேட்டது அவன் குரலா, இல்லையா?

6

மலை உச்சியில் வெயில் காய்ந்தது. கீழ்ப் படியில் காலேஜ் பையன்கள் நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரச் சொல்லிக் கூப்புடு" என்றாள் கலைமதி.

"இங்கயா?"

"இங்கதான். சத்தமா."

"ஆளுங்க இருக்குறாங்க."

"அவங்க பாக்கல. கொரங்குதான் பாக்குது."

"கொரங்கு போயி நைனா கிட்ட சொல்லிடுச்சின்னா?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் சத்தமில்லாமல். அப்புறம் அவன் செருமிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, எதிர் மலையைப் பார்த்து நின்றான்.

இதற்கு மேல் என்னிடம் மூன்று இருக்கிறது.

(அ) அவன் கூப்பிட்டான். போனில் கேட்ட அதே குரல். அவள் அழுதுவிட்டாள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் போனில் அந்தக் குரல் கேட்ட அன்றைக்கு அவன் மில்லில் இருந்தான். என் அறையில் நின்று கூப்பிட்டது யார்?

(ஆ) அவன் கூப்பிட்டான். கீச்சென்று, பாதியில் உடைகிற குரல். அவள் "நல்லா இருக்குது" என்றாள். அவன் நம்பினான். இறங்கும்போது அவன் கையைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

(இ) அவன் வாயைத் திறந்தான். குசுகுசுப்புத்தான் வந்தது. தொண்டை அப்படிப் பழகிப்போயிருந்தது. மறுபடி முயன்றான், அதே காற்று. கொஞ்சம் பொறுத்து எதிரே ராஜா கோட்டைப் பக்கமிருந்து எதிரொலி வந்தது. "கலை." முழுக் குரலில், அவசரமில்லாமல். படியில் இருந்த பையன்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆதவன் அவளை நெருங்கி நின்று, "யாருடி அது?" என்றான், காதோரம்.

மூன்றாவதை எழுதிய பிறகு விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

7

எனக்கு உண்மையில் தெரிந்தது கொஞ்சம்தான். அந்த ஞாயிறு மூணு மணிக்கு அவள் போன் பண்ணினாள்.

"மலைக்குப் போனோம்ணா. கூப்ட்டாரு."

"அந்தக் குரலாம்மா?"

ஒரு பஸ் போனது. "அந்தக் கடைசி ரூம்புல இப்ப யாராச்சும் இருக்குறாங்களா?"

"காலிதான்."

"ஸ்பீக்கர்ல போட்டு உள்ள வெச்சிட்டு நீங்க வெளிய போயிடுங்க. தூரமாப் போயிடணும்."

கட்டில் மேல் போனை வைத்துக் கதவைச் சாத்தினேன். சமையல்கட்டு வரைக்கும் நடந்தேன். வழி முழுக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன், எதற்கு என்று கேட்காதீர்கள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிவந்து கதவுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே கலைமதி பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசுகிற குரல் இல்லை அது. தாராளமான குரல்.

"ம். அப்பறம்?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"அய்ய, போ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" சிரித்தாள். சிரிப்பு சுவரில் பட்டு வந்தது.

ஒன்றுமில்லை.

"வரேன்னு சொன்னன் இல்ல?"

கதவைத் திறந்தேன். கட்டில் மேல் போன் அணைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் விரிப்பு கசங்கவில்லை. எட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். காலி.

[ஆதவன் மாடியில் அவள் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். மலைக்குப் போய் வந்த தைரியத்தில் ரெண்டு பேரும் பேசியிருக்கலாம், அவன் பங்கு மட்டும் போனில் ஏறாத குசுகுசுப்பாக. அப்படியென்றால் இது சந்தோஷமான கதை. இல்லையென்றால், முதல் நாள் போனை நீட்டிப் பிடித்து நின்றபோது ஊர் ஞாபகத்தில் நான்தான் கூப்பிட்டுத் தொலைத்தேன், அதை உங்களிடம் மறைக்கிறேன். அதுவும் இல்லையென்றால் அந்த அறை. எது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். நான் அதே இடத்தில் தினமும் போர்வை உதற வேண்டியவன், என்னிடம் கேட்காதீர்கள்.]

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டால் அந்த அறை ஒழுகுகிறது, தர முடியாது, புருஷனோடு வேறு எங்காவது போம்மா என்று சொல்லிவிடலாம். மறந்துவிடாமல் இருக்க ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

8

மறுநாள் காலை எட்டேகாலுக்குக் கலைமதி போன் பண்ணினாள். கடைசி அறையை நாலு நாளைக்குப் போடச் சொன்னாள். எத்தனை பேர் என்று கேட்டேன். ஒரு ஆள் என்றாள். போட்டேன்.