குண்டூசியில் குத்திய சொற்கள்

ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அந்தத் தையல்காரி அவன் வாயைத் தைத்தே விடுவாள். கிளார்க் பரீட்சையில் இரண்டு முறை அவள் காலை வாரியவை அவைதான். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு.

அதனால் வீடெல்லாம் துண்டுச்சீட்டு. பசை தேடுவானேன், குண்டூசி இருக்கும்போது? மாவுப் பையில் ஒரு ‘ஃப்ளவர்’, பூப்போட்ட திரைச்சீலையில் இன்னொரு ‘ஃப்ளவர்’. காகிதம் பேனாவுக்கு ஒரு ‘ஸ்டேஷனரி’, அசையாமல் இருப்பதற்கு ஒரு ‘ஸ்டேஷனரி’. இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்; எதற்கு ஏ, எதற்கு ஈ என்று எழுதிய சீட்டை எங்கே குத்துவது?

“அப்பா சட்டையில குத்தும்மா. சோபாவுல உக்காந்தா அவர்தான் அசையவே மாட்டாரே!” என்றாள் மகள். ஆணியில் தொங்கிய சட்டையின் முதுகில் குத்திவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் கணவன் அதே சட்டையோடு வேன் ஓட்டி வந்து அவளைப் பரீட்சை மையத்தில் இறக்கிவிட்டான். அவன் முதுகை யார் பார்த்தார்கள்?

பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வீட்டைச் சுற்றி வந்தாள். மாவுப் பை, திரைச்சீலை, எல்லாம் வந்தது. கடைசிக் கேள்வி ‘ஸ்டேஷனரி’. ஏயா, ஈயா? ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே, மரத்தடியில், முதுகைக் காட்டி நின்றான் கணவன். முதுகில் சீட்டு படபடத்தது. கண்ணைக் கொஞ்சம் இடுக்கினால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். பாழாய்ப்போன மனசாட்சி விடவில்லை.

“சார், ஜன்னலைச் சாத்திடுங்க.”

“வெயிலாம்மா?”

“இல்ல சார், வீட்டுக்காரர்.”

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். சீட்டைப் படித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் பயம் போன இடம் தெரியவில்லை. சீட்டை எழுதிய கை விடையைத் தானே எழுதியது.

வெளியே வந்து கேட்டாள். “மூணு மணி நேரமா நின்னுட்டா இருந்தீங்க? எங்கயாவது சாஞ்சு உக்காரக் கூடாதா?”

“சாஞ்சா முதுகுல என்னமோ குத்துது. வேன்லயே குத்துச்சு.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“பரீட்சைக்குப் போறவ. படிச்சது மறந்துட்டா?”

ஒரு தலைவலிக்கே ஊரைக் கூட்டுகிற மனுஷன்! குண்டூசியைப் பிடுங்கினாள், சீட்டைப் பார்த்தாள். பரீட்சையில் அவள் எழுதிய விடையேதான். நடுத்தெருவில் அவனைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வேலை கிடைத்தது. அந்தக் குண்டூசி இப்போது அவள் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது.