உடையப்பன் வீட்டுக்கு வந்த ஆறு

1976-ஆம் ஆண்டு உடையப்பன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஆறு வந்தது. வாசலில் சற்று நின்று, மாக்கோலத்தை அழிக்காமல் ஒதுங்கி, கூடத்தின் வழியாக நடந்து அடுப்படிக் கதவால் இறங்கி, பின்னால் ஈயம் தோண்டிக் கைவிட்டுப்போன பழைய குட்டையில் போய்ச் சேர்ந்தது. கணுக்காலுக்கு மேல் எதையும் நனைக்கவில்லை. அன்றிலிருந்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் உடையப்பன்தான். மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டத்தை விற்று, மரங்களைத் தள்ளிவிட்டுத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டினார்கள். தொழிலாளர் லயத்திலிருந்து அங்கே வீடு வாங்கிப் போனவர்களில் கங்காணி மகன் உடையப்பனும் ஒருவர். அவர் குடும்பத்தில் விசேஷமென்றால் ஒரு வாசலையும் விடாமல் பாக்கு வைத்து அழைப்பார்கள். வெற்றிலைத் தட்டோடு எல்லா வீடுகளையும் முடித்தவர், தலைமுறை தலைமுறையாகக் கரகத்துக்குத் தண்ணீர் கொடுத்த தோட்டத்து ஆற்றின் கரையிலும் பாக்கு வைத்தார்.

“ஆத்துக்குமா பாக்கு? வந்துட்டா எங்க உட்கார வைப்பீங்க?” என்று மனைவி நல்லம்மாள் சிரித்தாள்.

“யாரையும் விட்டோம்னு நம்ம குடும்பத்துக்குப் பேர் இருக்கா?”

விழாவுக்கு முந்திய வாரம், அடுத்த வரிசை வீடுகளுக்காக ஆற்றை மண் கொட்டி மூடினார்கள். போக இடமில்லாத ஆறு, அழைப்பு இருந்த ஒரே வீட்டுக்கு வந்தது. மரியாதை தெரிந்த ஆறு. அந்த வீட்டில் கவுச்சி புழங்காத வெள்ளிக்கிழமைகளில் மீன்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வரும். நல்லம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாத்திரம் கழுவப் பழகிக்கொண்டாள்.

வடிகால் இலாகாவிலிருந்து செபாஸ்டியன் என்ற அதிகாரி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றார். “அண்ணே, ஒரு குழாய் போட்டா ரோட்டுக்கு அடியில அனுப்பிடலாம்லா.”

“நீங்க விருந்துக்கு வந்தா உங்களையும் குழாயில அனுப்பவா, தம்பி?”

செபாஸ்டியன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

1979-இல் மகள் மங்களத்தைப் பெண் பார்க்கச் சித்தியவானிலிருந்து பத்துமலை தன் மகன் அர்ச்சுனனோடு வந்தார். பிள்ளைகள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து, ஏற்கெனவே மனம் ஒத்துப்போனவர்கள். இந்த இடம் தவறினால் வேறு யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று மங்களம் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவளும் கங்காணி பேத்திதானே.

பத்துமலை கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். “ஆறு ஓடுற வீட்டுல பொண்ணு எடுத்தா ஊர்ல சிரிப்பானுங்க லா. மொதல்ல இத அனுப்புங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.”

மங்களம் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றாள். உடையப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“பாக்கு வச்சு கூப்பிட்டவங்கள எழுந்து போன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. நாளைக்கு உங்கள அனுப்பச் சொல்லி எவன் வந்தாலும் இதேதான் சொல்வேன்.”

பத்துமலை எழுந்து வெளியே போனார். அர்ச்சுனன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். அவர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மரமில்லை, மண்ணில்லை, எங்கும் சிமெண்டு. மழைநீர் போக வழி தெரியாமல் தெருத்தெருவாக நின்றது. சித்தியவான் கார் சன்னல்வரை முழுகியது. இடுப்பளவு தண்ணீரில் தந்தையும் மகனும் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கோழியும் தொலைக்காட்சிப் பெட்டியும் சுமந்துகொண்டு தாமானே வந்தது.

ஆறு தெருவெள்ளத்தை வாசலில் கைபிடித்து அழைத்து, கூடத்தின் வழியாகக் குட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தது, அவ்வளவுதான். அப்போதும் கணுக்கால் மட்டம் ஏறவில்லை. தெருக்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தன. பத்துமலை தண்ணீரில் கால் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“சம்பந்தி,” என்றார் கடைசியில். “கல்யாணத்தன்னிக்கு இது எந்தப் பக்கம் நிக்கும்?”

“பொண்ணு வீட்டுப் பக்கம்.”

“அது நியாயந்தான்,” என்று சொல்லிவிட்டு, மங்களத்தின் கையிலிருந்த தட்டில் ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளம் வடிந்த விதத்தைப் பார்த்தபின், செபாஸ்டியன் எந்தத் தாமானுக்குப் படம் போட்டாலும் முதலில் ஆற்றை வரைந்தார். அது கை காலை நீட்டத் திடலும் மரமும் விட்டார். மிச்சமிருந்த இடத்தில்தான் வீடுகளை வைத்தார். பழைய தாமானின் படத்திலோ உடையப்பன் வீட்டுக் கூடத்தின் ஊடாக ஒரு நீலக்கோடு போட்டார். இலாகாவில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மங்களத்தின் கல்யாணப் படத்தில் எல்லாரும் கணுக்கால் தண்ணீரில், பட்டுச்சேலையையும் வேட்டியையும் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள், பெண் வீட்டுப் பக்கத்து ஓரத்தில், முந்தானை தண்ணீரோடு தண்ணீராகக் கரைய நிற்கும் அந்த உயரமான பெண் யார் என்றுதான் கேட்கிறார்கள்.