தலைவர் குறை சொல்லாத கிராங்க்

மிதிவண்டிச் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் வந்தால் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். தலைவர் பேச எழுந்தால், பேச்சு முடியும்போது மேசை மட்டும் மிச்சமிருக்கும். அதற்காக அவர் மனம் தளர்ந்ததில்லை. மேசைக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

பிழைப்புக்கு அவர் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். அந்த முத்திரையைச் சாயங்காலம் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி வாங்கித் தந்த சட்டைக்கு, கழுத்துப்பட்டை ஒரு பக்கம் தூக்கல் என்றார். அடுத்து வந்த கைக்கடிகாரம் பின்தங்குகிறது என்பதை வானொலியைப் பக்கத்தில் வைத்து நிரூபித்தார். குடையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காற்றின் போக்கைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினார். ஆக, இருபத்தைந்து வருஷத்துப் பரிசுகள் எல்லாம் தீர்ப்பு எழுதப்பட்டு அலமாரியில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தன.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா, இப்ப போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்கும்போது அவள் முகத்தில் ஒரு அமைதி வரும். பஞ்சுமேகம் அசையாமல் நிற்பதுபோல.

அன்றைக்கு மழை விட்டிருந்த பிற்பகல். அவள் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டகைக்கு வந்தாள். கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் பாலாடைபோல இறங்கி, தூசியை மிதக்க விட்டுக்கொண்டிருந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தார். பூனை தரையில் இருந்தது.

"இந்தாங்க. எங்க கடைக்கு எதிர்ல பழைய சைக்கிள் சாமான் விக்கறாரே, அவர்கிட்ட வாங்கினேன். பெட்டியிலேயே எல்லாம் இருக்குன்னார். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இதுதான் கடைசி. இதுவும் சரியில்லேன்னு நீங்க வாயத் தொறந்தா, இனிமே ஒரு கைக்குட்டைகூட நான் வாங்கித் தரமாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. தராசுக்காரர் அல்லவா; வார்த்தையின் எடை தெரியும்.

மேலே இருந்த காகிதத்தை விலக்கினார். ஒரு ஜோடி கிராங்க். பெடலைத் தாங்கும் அந்த நீண்ட கைகளில் ஒன்றோடு பல்சக்கரமும் சேர்ந்திருந்தது. வெள்ளி நிறம், கொக்கின் கால்போன்ற ஒடிசல். கையில் எடுத்தால் கனமே இல்லை. யாரோ ஒருவர் தன் வாழ்நாளின் நல்ல காலைப்பொழுது ஒன்றில் இதை வார்த்திருக்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்துச் சதுர ஓட்டை தெரிந்தது. தெரிந்துவிட்டது.

கிராங்க் இரண்டும் சைக்கிளின் அடிவயிற்றில் குறுக்காக ஓடும் ஓர் அச்சின் இரு முனைகளிலும் மாட்டிக்கொள்பவை. அச்சும் பேரிங்கும் சேர்ந்த அந்த உருளைக்குக் கடைகளில் பி.பி. என்று பெயர். (தலைவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கு இன்னொரு பி.பி. ஏறும்.) முனை சதுரம், ஓட்டையும் சதுரம், செருகி இறுக்கினால் தீர்ந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தலைவர் நம்புவதில்லை. உலகத்தில் இரண்டு சதுரங்கள் உண்டு: முனை பருத்தது ஒன்று, முனை மெலிந்தது ஒன்று. மெலிந்ததற்கு வெட்டிய கிராங்கைப் பருத்ததில் மாட்டினால், சட்டைக்குள் தலை நுழையாத குழந்தைபோலப் பாதியில் நின்றுவிடும். தலைவருடைய அச்சு பருத்த இனம். அவள் கொண்டுவந்தது மெலிந்த இனத்துக்கானது. 'இனம் மாறி இணைப்பது குற்றம்' என்று அவரே பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தார். அதற்கு மேலே, 'கண்ணால் பார்த்து முடிவு கட்டாதே. கடைசிவரை சோதி' என்று இன்னொன்று.

நிமிர்ந்தார். சொற்கள் வழக்கம்போல நாக்கு நுனியில் வந்து நின்றன. எதிரே அவள், வில்லை மாற்றிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த முகத்தோடு நின்றாள்.

"அழகா இருக்கு" என்றார் தலைவர்.

பூனை கண்ணைத் திறந்து பார்த்தது.

"நெஜமாவா?"

"ரொம்ப அழகா இருக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். இத மாட்டிக்கிட்டு நீங்க போறத நான் பாக்கணும்." இத்தனை வருஷமாக அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை ஊர்வலத்தை 'காத்துவாங்கிகள் மாநாடு' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பக்கத்து வீட்டுக் கூடை வைத்த சைக்கிளைக் கேட்டு வாங்கப் போய்விட்டாள்.

பெட்டியில் அவள் விட்டுப்போன காகிதங்களின் மேல் பூனை ஏறிச் சுருண்டுகொண்டது. பெட்டியை அப்புறப்படுத்தலாம் என்று தலைவர் குனிந்தார். பூனை ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம்கூட அப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. விட்டுவிட்டார்.

அந்த வாரம் தலைவர் தனியாக ஒரு தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்தார். மெலிந்த முனை அச்சு ஒன்று கிடைத்தால் போதும். தெரிந்த கடைகளிலெல்லாம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எங்கும் இல்லை. அவள் வாங்கிய கடையிலேயே கேட்கலாம். கேட்டால் எதிர்க்கடையில் இருக்கும் மனைவிக்குச் சேதி போக எவ்வளவு நேரமாகும்? மத்தியானத் தூக்கத்தில் சதுரங்கள் வந்தன. ஜன்னல், சாம்பிராணிப் பெட்டி, பிஸ்கட், முத்திரைக்கட்டை, எல்லாம் நடுவில் ஓட்டையோடு ஏரிமேல் மிதந்து போயின. அவர் நெஞ்சில் ஒரு சதுர முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் வந்து செருகிப் பார்த்துவிட்டு, "சாருக்குக் கொஞ்சம் பெருசு" என்று மரியாதையாக விலகிப் போனது.

கடைசியில் தன் பழைய அச்சிலேயே புது கிராங்கை வைத்து, நீளமான ஸ்பேனரைப் போட்டு, முகம் சிவக்க இறுக்கினார். பாதியில் நின்றது. பாதியிலேயே நிற்கட்டும் என்று விட்டார்.

மனைவியின் தம்பி வந்து எட்டிப் பார்த்தான். சங்கத்தின் செயலாளர், அதாவது மேசையை மட்டும் விட்டுவிட்டுக் கடைசியாக எழுந்து போகிறவன்.

"அத்தான், செயின் கோணலா நிக்குதே."

"அது கோணல் இல்ல மச்சான். நீ நிக்கற எடம் அப்படி."

அவன் இடம் மாறி நின்றான். "இங்கேந்து பாத்தாலும் கோணலாத்தான் இருக்கு."

"அப்ப உட்கார்ந்து பாரு."

"போன மாசம் என் வண்டியில இதுல பாதி கோணல் இருந்ததுக்கு மூணு பேர் முன்னாடி என்ன நிறுத்தி வெச்சுப் பாடம் எடுத்தீங்க."

"ஒனக்குப் பாடம் தேவப்பட்டுது" என்றார் தலைவர், துணியால் கிராங்கைத் துடைத்துக்கொண்டே. துடைக்கத் துடைக்க அது நிலாபோல ஆனது. அதுதான் அவரை வதைத்தது. இவ்வளவு அழகான தப்பை அவர் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை மனைவி கதவோரம் நின்று கேட்டாள். "பெட்டியில இருந்ததெல்லாம் மாட்டியாச்சா?"

"எல்லாம் மாட்டியாச்சு."

"ஒண்ணும் விட்டுடலையே?"

"நான் விடுவேனா?" என்றார். பழைய தலைவர் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி இன்னும் எழுந்திருக்கவில்லை. பனி கரையேறி ரோட்டில் படுத்திருந்தது. தலைவர் முன்னால் போனார்; உடம்போடு ஒட்டிய சட்டை, பெடலோடு பூட்டிக்கொள்ளும் கொக்கி வைத்த காலணி. அந்தக் காலணியைப் பற்றி மட்டும் அவர் ஆற்றிய உரைகளைத் தொகுத்தால் ஒரு தலையணை ஆகும். பின்னால் கூடைச் சைக்கிளில் மனைவி, அவளுக்கும் பின்னால் தம்பி. மற்ற உறுப்பினர்களுக்கு எதிர்பாராத விதமாக ஒரே நேரத்தில் சளி பிடித்திருந்தது.

இடது கிராங்க் முனக ஆரம்பித்தது. ஒவ்வொரு மிதிக்கும் க்ரீ... க்ரீ... என்றது.

"ஏங்க, ஏதோ பறவை கூடவே வருது" என்றாள் மனைவி. "எவ்ளோ நல்லா இருக்கு இதெல்லாம். ஏன் என்ன முன்னாடியே கூட்டிட்டு வரல?"

அவளே வரமாட்டேன் என்றது ஞாபகம் வந்தது. அதையும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் காலைக்காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. நாணல் தலையாட்டியது. பனிக்குள் அவள் குரலும் அந்த முனகலும் மட்டும் இருந்தன. இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேட்டு உச்சியில் முனகல் நின்றது. இடது கால் திடீரென்று லேசானது.

போல்ட் எங்கே கழன்று எந்தப் புல்லில் விழுந்ததோ. கிராங்க் அச்சைவிட்டு வந்துவிட்டது. ஆனால் பெடலைவிட்டு வரவில்லை, பெடல் காலணியைவிட்டு வரவில்லை. வண்டி சரிவில் இறங்கியது. தலைவர் இடது காலைப் பக்கவாட்டில் நீட்டினார். காலடியில் அந்த வெள்ளிக் கை காற்றில் மெல்லச் சுழன்று, அப்போதுதான் வந்த வெயிலை நாலாபக்கமும் இறைத்தது.

"அத்தான், காலு! கால்ல ஏதோ தொங்குது!"

பிரேக் என்று ஒன்று இருப்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ரோடு போனது. கரை போனது. பனி வாயைத் திறந்து அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. நாணல்கள் இரண்டு பக்கமும் விலகி மரியாதை செய்தன. தலைவர் முழங்கால் அளவுத் தண்ணீரில், சங்கக் கூட்டத்துக்கு உட்காருவதுபோல நிதானமாக உட்கார்ந்தார். ஒரு வாத்து எழுந்து போனது.

மனைவி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அடி பட்டுச்சா?"

"இல்ல. சில்லுனு இருக்கு."

அவள் அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெடலிலிருந்து கிராங்க் தொங்கியது. "ஏங்க, அந்தப் புது அச்சுலகூடவா இது நிக்கல?"

"எந்தப் புது அச்சு?"

"பெட்டியில அடி அட்டைக்குக் கீழ ஒரு பி.பி. இருந்ததே! இது இல்லாம அது ஒக்காராதுன்னு கடைக்காரர்தான் சேத்துக் குடுத்தார். மாட்டியாச்சான்னு கேட்டேனே?"

தலைவர் ஏரியைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய எழுத்து தண்ணீரில் தெரிந்தது: கடைசிவரை சோதி.

"அதுமேல பூனை படுத்துருக்கு" என்றார்.

கரையில் தம்பி முதுகைத் திருப்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

"அப்ப பழைய அச்சுலதான் மாட்டினீங்களா? பொருந்தாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்றவரு!"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ குடுத்ததுமே."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

தண்ணீர் சட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தலைவர் கிராங்கைக் கொக்கியிலிருந்து விடுவித்து, கீறல் பட்டிருக்கிறதா என்று தடவினார்.

"கடைசின்னு சொன்னியே" என்றார்.

அவள் குனிந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் முந்தானை ஓரத்தில் சேறு போகத் துடைத்து, காதுகளில் மாட்டிச் சரிசெய்தாள். அந்த முகத்தோடு காத்திருந்தாள்.

"இப்ப தெளிவா?"

"ம்."

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கூடைச் சைக்கிளின் கூடையில் கிராங்க் வந்தது. கொட்டகையில் வெளிச்சம் இறங்கியிருந்தது. பெட்டிக்குள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அச்சு அதன் அடியில் கதகதப்பாக இருந்திருக்க வேண்டும். தலைவர் ஸ்பேனரோடு குனிந்தார்.

"எழுப்பாதீங்க" என்றாள். "அதுவா எந்திரிக்கட்டும்."

இருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். தூசி மிதந்தது.

"ஒங்களுக்கு ஒரு தொப்பி பாத்து வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "பச்சை."

தலைவர் வாயைத் திறந்தார். தலைச்சுற்றளவு, விளிம்பின் அகலம், பச்சையில் உள்ள வகைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பூனையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். எல்லாம் திரும்பிப் போயின.