ஒயர் இருந்த வரை

கடைக்காரன் என் இயர்பட்ஸைத் துடைத்துத் தன் காதில் மாட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தானே சார் பாடுது?"

"எனக்குப் பாடலையே! ஒரு மாசமா இடது பக்கம் செத்துக் கிடக்கு. ஓட்டை உடைசலை என் தலையில கட்டிட்டீங்க."

நான் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது. அவன் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து நீட்டினான். இடது காதில் மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அதையே வலது காதில் வைத்தேன். பாட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. மன்னிப்புகூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நானும் மனைவியும் இருபத்திரண்டு வருடமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறோம். வீட்டில் என் அம்மா, மகள், ஓயாத டிவி. நாங்கள் இருவர் மட்டும் என்றால் அது பஸ்ஸில்தான். முதலில் டேப் போடும் வாக்மேன். பேட்டரி இறங்கினால் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். அப்புறம் சிடி, பஸ் பள்ளத்தில் குதித்தால் பாட்டும் குதிக்கும். அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒன்று, அப்புறம் ஃபோன். எது வந்தாலும் இயர்போன் ஒன்றுதான். நான் ஜன்னலோரம், அவள் எனக்கு வலப்பக்கம். ஒரு முனை என் வலது காதில், மறுமுனை அவள் இடது காதில். யாருக்குப் பிடித்த பாட்டு என்று தினமும் சண்டை.

போன மாதம் கல்யாண நாளுக்கு மகள் ஆளுக்கொரு இயர்பட்ஸ் வாங்கித் தந்தாள். ஒயர் போனதும் என் மனைவி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் நான் காற்று வாங்கியது போதுமாம். நான் பாடாத இடதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வலதை மட்டும் மாட்டிக்கொள்வேன்.

நான் கம்ப்ரஸர் ஃபிட்டர். குழாயில் எங்கே காற்று கசிகிறது என்று பார்க்க, ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்துவேன். எப்போதும் வலது காதுதான், கைப்பழக்கம். கடைக்குப் போன மறுநாள், வேலையிடத்தில் யாரும் பார்க்காதபோது வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, டியூபை இடது காதில் செருகினேன். கசிகிற மூட்டுதான், கை வைத்தால் காற்று குத்தியது. காதில் சத்தமே இல்லை.

பயந்துபோனேன். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை அவ்வளவுதான். எப்போது போனது இந்தக் காது? போன மாதமா, பத்து வருடம் முன்பா? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

மாலை பஸ்ஸில் எதேச்சையாகத் திரும்பினேன். ஜன்னலைப் பார்த்தபடி அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இரைச்சலில் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. ஒரு மாதமாகவே அவள் முகம் சரியில்லை. ஏதோ கோபம், தானாக அடங்கும் என்று இருந்தேன்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு."

"ஏங்க?"

வலுக்கட்டாயமாக இடம் மாற்றினேன். "எனக்கு இடது காது கேக்கல."

அவள் என்னையே பார்த்தாள். "எப்பலேருந்து?"

"தெரியல."

"அப்ப அன்னிக்கு நான் கேட்டது?"

"என்ன கேட்ட?"

சுற்றிலும் பார்த்துவிட்டு என் வலது காதோடு வாயை வைத்தாள். "மார்புல ஒரு கட்டி தட்டுப்படுது, கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். அந்தக் காதுல ஒண்ணும் மாட்டலையே, கேக்குதுன்னு நெனச்சேன். நீங்க தலையாட்டினீங்க."

பாட்டுக்கு ஆட்டியிருப்பேன். எந்தப் பாட்டு என்றுகூட நினைவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"பெருசாயிருக்குங்க."

எங்கள் நிறுத்தம் வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது.