வலது கால் பூஜ்யம்

என் கணவர் ஜெபராஜ் இறந்த மூன்றாம் மாதம், ஆம்பூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஷூ கம்பெனி, ஆபீஸ்காரர்களுக்குப் புதிய ஜாவாஸ்கிரிப்ட் சொல்லித்தர வேலூரிலிருந்து அபினேஷ் என்ற பயிற்சியாளரை வரவழைத்தது. அவர் கைவசம் ஒரே ஒரு கேலிப்பொருள்தான் இருந்தது: கம்ப்யூட்டரில் ஆர்டர்களைப் பதிய ஜெபராஜ் எழுதிவிட்டுப் போன பக்கம்.

தினமும் அதைத் திரையில் போடுவார். "இன்னாங்க இது, எங்க பாத்தாலும் வார். மியூசியத்துல வைக்கலாம்." வார் என்ற அந்தப் பழைய கட்டளைச் சொல்லுக்குப் பதிலாக, மாறும் மதிப்புக்கு லெட், மாறாததற்கு கான்ஸ்ட். ஃபங்ஷன் என்று எழுதும் இடத்தில் ஓர் அம்புக்குறி. எட்டு வரியை ஒன்றாக்கியதும், பிரசவம் பார்த்த டாக்டர் போல நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் கைதட்ட வேண்டும். பக்கத்து சீட் மேகலா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

அவர் சுருக்கிய பக்கமே கம்பெனியில் ஓடத் தொடங்கியது.

எங்கள் தொழிலில் வெளிநாட்டுக்குச் சாம்பிள் என்றால் இடது கால் மட்டும்தான் போகும். ஜோடியாகப் போனால் வழியில் யாராவது போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள். அதனால் வலதுக்குப் பூஜ்யம் அடிப்போம். மற்ற ஆர்டர்களில் வலதைக் காலியாக விட்டால் இடதின் எண்ணிக்கையே அதற்கும் வரும். இதை ஜெபராஜ் பல வரிகளில் எழுதியிருந்தார். அபினேஷ் இரண்டு செங்குத்துக் கோடுகளில் முடித்துவிட்டார். கோடுகளுக்கு முன்னால் ஒன்றுமில்லை என்றால் பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பூஜ்யமும் அதற்கு ஒன்றுமில்லைதான். ஒரு பெட்டி சாம்பிள் முழு ஜோடிகளாக ஜெர்மனி போய்ச் சேர்ந்தது.

"பழைய ஸ்டாஃப் எழுதுன லாஜிக் சார்," என்றார் அபினேஷ்.

மேனேஜர் ரஃபி அகமது ஜெர்மனிக்கு அப்படியே மெயில் அடித்து வைத்தார்: பிழை காலஞ்சென்ற ஊழியர் ஜெபராஜுடையது. அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"போன மனுஷன் பேரப் போட்டா யாருக்கும் பேஜார் இல்ல, இவாஞ்சலின்மா."

"எனக்கு இருக்கு சார். ரெண்டு பக்கத்தையும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க."

பழைய பக்கத்தில் இடதுக்கு நாற்பது, வலதுக்குப் பூஜ்யம் அடித்தேன். பூஜ்யம் அப்படியே நின்றது. புதியதில் அடித்தேன். வலதுக்கும் நாற்பது வந்தது.

அபினேஷ் அசரவில்லை. "சிம்பிள்க்கா. கோட்டுக்குப் பதிலா ரெண்டு கேள்விக்குறி போட்டா, மதிப்பே இல்லாதப்போ மட்டும்தான் மாத்தும். இதான் மாடர்ன்."

"போடுங்க தம்பி," என்றேன். "அப்படியே மெயில்ல உங்க பேரயும் போட்டுடுங்க."

ரஃபி அகமது ஜெபராஜின் பெயரை அழித்தார். அபினேஷின் பெயரை எழுதவில்லை. 'மென்பொருள் பிழை' என்று மட்டும் எழுதி அனுப்பினார். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.