ஊற்றுக்குழியில் ஒரு பிரசங்கம்

சித்திரை வெயிலில் வாணியம்பாடியின் வாக்காளர்களைத் தேடினால் பாலாற்றில்தான் கிடைப்பார்கள். மணலைத் தோண்டி, ஊறும் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து தர்பூசணி தின்பார்கள். நகரசபைத் தேர்தலுக்கு நின்ற தோல் மண்டி முதலாளி சர்தார் பாஷாவும் அங்கேதான் வந்தார். கறுப்பு ஷெர்வானி, துருக்கித் தொப்பி. ஊர்த் தோலெல்லாம் இவர் மண்டியில் குவிந்தாலும், இவர் காலுக்கு லண்டனில் தைத்த பூட்ஸ்தான் ஒத்துக்கொள்ளும்.

மணலில் நின்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மொதலாளி, காது தண்ணிக்கு மேலதான் இருக்கு. நீங்க பேசுங்க!" என்றார் தோல் தரகர் ஹபீப்.

பேசினார். எதிர்த்து நிற்கும் ரத்தினசாமி முதலியாரைக் கஞ்சன் என்றார், கோழை என்றார். பூட்ஸுக்குள் கால் வெந்தது. அடுத்த வசவு வருவதற்குள் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

குழியிலிருந்த வழுக்கைத் தலை ஒன்று திரும்பியது.

"பாய், என்னைத்தானே சொல்றீங்க? தலைப்பா இல்லன்னா அடையாளமே தெரியலியா? வெயில்ல நின்னு திட்டினா பேஜாரு. உள்ள வந்து திட்டுங்க."

குழியே குலுங்கிச் சிரித்தது. பாஷா தம் கௌரவத்தை நினைத்துப் பார்த்தார். பிறகு பாதங்களை நினைத்தார். பூட்ஸும் ஷெர்வானியும் மணலில் விழுந்தன.

"கொஞ்சம் தள்ளி உக்காருய்யா" என்று முதலியார் பக்கத்தில் இறங்கியவர், தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் "யா அல்லாஹ்!" என்று வெட்கமில்லாமல் கூவினார்.

"அப்போ ஓட்டு யாருக்கு?" என்றார் ஹபீப்.

"வெயில் தாழட்டும்யா, பேசிக்கலாம்" என்றார்கள் இரண்டு வேட்பாளர்களும், கண்ணை மூடிக்கொண்டு.