அரை அரை இஞ்சாக

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவர்களும் உள்ளே நகர்ந்து வாருங்கள். உரக்கச் சொல்கிற கதையில்லை இது. ஒரு தையல்காரி தன் வீட்டுக்காரர் மேல் வைத்த பாசத்தால் செய்த காரியத்தைச் சொல்லப் போகிறேன். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஏசிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் செய்யவில்லை. கஷ்டமே அதுதான்.

அவர் பஸ் டிரைவர். டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆள் துடைப்பக் குச்சி மாதிரி இருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பஸ் தானாக ஓடுகிறதா என்று பயணிகள் எட்டிப் பார்த்தார்களாம். அன்றைக்கே 'ஒல்லி' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தால் வைத்ததுதான். அப்புறம் உடம்பைப் பார்த்து யார் அதை மாற்றப் போகிறார்கள்?

அவளுக்கு வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிதி மெஷின், துணி வெட்ட ஒரு பலகை, சுவரில் ஒரு ஆணி, ஆணியில் அளவு நாடா. டிப்போவில் வருஷத்துக்கு இரண்டு சீருடைக்குத் துணி கொடுப்பார்கள். கல்யாணமான புதிதில் நாடாவை அவர் இடுப்பில் சுற்றி அளவெடுத்தாள். இருபத்தொன்பது இஞ்சு. நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரை அளந்து பார்க்கவே இல்லை. பழைய பேண்ட்டைப் பலகையில் விரித்து, அதைப் பார்த்துப் புதியதை வெட்டிவிடுவாள். துணியில் விழும் சுருக்கத்தைப் பார்த்தே எங்கே இறுக்குகிறது என்று சொல்லிவிடுகிற கை அவளுடையது.

முப்பத்தோரு வயதில் ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவர், இடுப்புப் பட்டனைக் கழற்றி மூச்சு விட்டார்.

"ஏம்மா, எனக்குத் தொப்பை விழுந்துடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சும்மா சொல்லாத. உக்காந்தா மூச்சு முட்டுது."

மறுநாளிலிருந்து டிப்போவுக்கு நடந்தே போனார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மகளின் தட்டை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு நாள். கலகலவென்று பேசுகிற மனிதர் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. பேண்ட்டின் பின் தையலில் எப்போதும் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விடுவார்கள், பின்னால் தேவைப்படும் என்று. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தத் தையலைப் பிரித்து, அரை இஞ்சு தளர்த்தி, மறுபடி அடித்து, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள்.

காலையில் பேண்ட்டைப் போட்டவர் ஒரு குதி குதித்தார்.

"பாத்தியா! நாலு நாள்தான் நடந்தேன், கச்சிதமா வந்துடுச்சு! இதுக்குப் போயா பயந்தேன்? போடு சர்க்கரையை!"

அவளும் சிரித்தாள். இரண்டு கரண்டி போட்டாள். அன்றைக்கு அவர் பஸ் ஏறித்தான் டிப்போவுக்குப் போனார்.

அங்கே ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவர் கேட்பதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள். உட்காரும் இடத்தில் துணி பளபளத்தால் அரை இஞ்சு. பாக்கெட் வாய் பிளந்துகொண்டு நின்றால் அரை இஞ்சு. மடித்த துணி தீர்ந்துபோனால், அடுத்த சீருடையை வெட்டும்போதே பெரிதாக வெட்டிவிடுவாள். பெல்ட்தான் காட்டிக்கொடுக்கும் என்று பயம். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அதே நிறத்தில் நீளமான பெல்ட்டை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி, எப்போதும் போடுகிற ஓட்டை மட்டும் கொஞ்சம் நைந்திருக்கும்படி ஆணியால் நெம்பி வைத்தாள். அதைச் செய்யும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. வீட்டில் இருந்த கண்ணாடியோ சவரம் செய்ய மட்டும். முகத்துக்குக் கீழே காட்டாது.

நாற்பத்தைந்து வயதில் அவர் இடுப்பு முப்பத்தாறு. ஏழு இஞ்சை அரை அரை இஞ்சாக விழுங்கியிருந்தாள். அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் அவ்வளவாக ஆசைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருஷம் டிப்போவில் மருத்துவ முகாம் வைத்தார்கள். கண் பார்ப்பது எல்லோருக்கும் கட்டாயம். ரத்தம், பிரஷர் பார்ப்பது விருப்பப்பட்டவர்களுக்கு. அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடுகிற கண்டக்டர், குச்சிபோல இருந்தவர் யானையானதைக் கண்ணெதிரே பார்த்த மனிதர், வீடு தேடி வந்துவிட்டார்.

"யோவ் ஒல்லி, நாளைக்கு வெறும் வயித்தோட வா. நாற்பது தாண்டினா வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும்னு நர்ஸம்மா சொல்றாங்க. எனக்குக் கொழுப்பு ஏறியிருக்குன்னு போன வருஷம் கண்டுபிடிச்சாங்க. இப்போ எண்ணெயப் பாத்தாலே ஓடுறேன்."

"உனக்கு ஏறும். நாள் பூரா கணக்கில்லாம திங்கிற. எனக்கு எதுக்குய்யா? கல்யாணத்தப்போ எடுத்த அளவு. இன்னும் அதே இடுப்பு."

"யாருக்கு? உனக்கா? நீ ஏறினா பஸ்ஸே ஒரு பக்கம் சாயுது!"

"இதோ, தைக்கிறவளையே கேளு. ஏம்மா, என் இடுப்பு மாறியிருக்கா? சொல்லு இவன்கிட்ட."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தபடி, ஒருவர் சந்தேகமாக. அவள் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டு நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். வெளியாள் முன்னால் எப்படிச் சொல்வது? அவர் முகம் சின்னதாகிவிடாதா? பதினாலு வருஷமாக ஏமாற்றினாயா என்று கேட்டால்?

"அதே அளவுதாங்க," என்றாள்.

கண்டக்டர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். வீட்டுக்காரர் முகாமுக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை.

ஐம்பத்தொன்றில் பேண்ட் தானாகவே தளர ஆரம்பித்தது. அவள் பூரித்துப் போனாள். பிரித்துப் பிரித்துத் தைத்த கை இப்போது பிடித்துப் பிடித்துத் தைத்தது. இளமை திரும்புகிறது என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மூன்று தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு அவர் குடித்துத் தீர்த்தார். ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் கழிப்பறைக்கு இறங்கி ஓடினார். பஸ்ஸுக்கு டீசல், இவருக்குத் தண்ணீர் என்று டிப்போவில் கேலி செய்தார்கள். எரிகிறதே என்று சொல்ல வேண்டிய பாதம் மரத்துப்போய்ச் சும்மா இருந்தது. க்ளட்ச் மிதிக்கிற இடது கால். ஷூவுக்குள் ஒரு சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதை மிதித்தாரோ, அவருக்கே தெரியாது. புண்ணில் சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வராதபோதுதான் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சுகர் எத்தனை வருஷமா இருக்கு?"

"சுகரா? எனக்கா?"

"ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். உடம்பு நல்லா ஏறி, அப்புறம் இறங்கியிருக்குமே? துணி இறுக்குச்சா, தொளதொளன்னு ஆச்சா? ஒண்ணுமே தெரியலையா?"

"இல்லவே இல்ல டாக்டர். என் பேண்ட் என்னைக்குமே எனக்குக் கச்சிதம். இவதான் தைக்கிறா."

அதைப் பெருமையாகச் சொன்னார், கண்ணுகளா. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விரல்களை எடுப்பதோடு நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், ஒரு மத்தியானம், அவருடைய பேண்ட்டின் இடது காலை மடித்துத் தைப்பதற்காக மெஷினில் உட்கார்ந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே உனக்குத் துணி மிச்சம்," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பின் தையலில் ஆரம்பித்து, சர்க்கரை, பெல்ட், கண்டக்டர் முன்னால் சொன்ன பொய் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த முதல் தடவை… நான் நடந்ததால சரியாப் போகலையா?"

"நாலு நாள்ல என்னங்க சரியாகும்?"

"நாப்பது நாள் நடந்திருப்பேனே," என்றார்.

அடிக்கவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் ஒன்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைத் தட்டுவார்.

பத்தாம் நாள் காலையில், அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு மெஷினிலிருந்து எழுந்திருக்கிறாள், அவர் குரல் கேட்டது.

"உனக்கு என்ன வயசு இப்போ?"

"அம்பது முடிஞ்சுடுச்சு. ஏங்க?"

"என்னைக்காவது போய் ரத்தம் குடுத்திருக்கியா? பிரஷர்?"

"எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தானே…" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கெளம்பு," என்றார்.

ஊன்றுகட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் கூடவே வந்தார். இரண்டு தெரு. பத்து அடிக்கு ஒரு தரம் நின்றார். தோளைக் கொடுக்கப் போனவளை வேண்டாம் என்று தலையசைத்தார். மன்னித்துவிட்டாரா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இரண்டு தரம் பார்த்தாள்.

"பிரஷர் கொஞ்சம் ஏற ஆரம்பிச்சிருக்கும்மா. பயப்படாதீங்க. உப்பைக் குறைங்க, தினம் நடங்க, அடுத்த வாரம் மறுபடி வந்து காட்டுங்க. நல்ல வேளை, இப்பவே வந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தினமும் நாற்பது பேரிடம் சொல்கிற வார்த்தை. தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஐயோ, இதுக்கா அழறீங்க? சின்ன பிரஷர்தாம்மா!" என்று நர்ஸ் பதறினாள்.

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அழுகிறாள் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 'நல்ல வேளை, இப்பவே வந்தீங்க' என்கிற அந்த வார்த்தையை அவரிடம் யாருமே சொன்னதில்லை.

போதும், கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் முகம் வாடுமே என்று இன்னொருவர் நிஜத்தை விழுங்காமல் இருக்கட்டும். சொல்கிறவர் வாய் இதமாக இருக்கட்டும், கேட்கிறவர் மனசு கோணாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் கழற்றி விடுகிற செருப்புகள் ஜோடி பிரியாமல் கிடக்கட்டும். பெரியவர் சிறியவர் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நடமாடட்டும்.